இருநூறு வெட்டினால்தான் பேரு

என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்று என் மனைவி ஞானம் சொல்வாள். சொல்லட்டும். அவளை யாரும் கட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது புத்தி பிசகினால் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். "நீங்க போயிட்டு வந்தவராச்சே, அங்க எப்படிங்க?" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் சுற்றிவளைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அடிப்பாங்களா?" என்று கேட்பார்கள். கட்டுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. கட்டுவது அவர்களுக்கு நியாயமாகத்தான் படுகிறது. நம் ஆட்களே தாங்கள் குடியிருக்கிற லயத்துத் தூணில் கட்டிவைத்துவிட்டுத்தானே லொறியைத் தேடி ஓடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அந்த வார்டில் இன்னும் நம் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். என் கோபத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான் சவரிமுத்து. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலையை அதன் போக்கில் விட்டால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கொழுந்து கைக்கு எட்டாமல் போய்விடும். ஆகவே சில வருஷத்துக்கு ஒரு தடவை மலை மலையாகக் கட்டையோடு வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டுத்தான் கவ்வாத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், லயத்தில் எல்லோருக்கும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன். அதனால் எழுதவும் வருகிறது.

வியாதி எனக்குக் கஷ்டமாக ஆரம்பிக்கவில்லை. அதைச் சொன்னால் ஞானத்துக்குப் பிடிக்காது. தூக்கம் குறைந்தது, ஆனால் களைப்பு இல்லை. பேச்சு பெருகியது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாவை நிறுத்தி, தோட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கங்காணி முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. என் கம்பளியை யாருக்கோ கொடுத்துவிட்டுக் குளிரில் வெறும் பனியனோடு திரிந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிய ஞானத்தைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞானம் பூசைக்குப் போயிருந்தாள், லயத்தில் பாதிப் பேர் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். ஏறியது கவ்வாத்து மலையில் அல்ல, கொழுந்து மலையில். மறுநாள் பெண்கள் கொழுந்தெடுக்க இருந்த மலை அது. பச்சையாகத் துளிர்த்து நின்ற தேயிலையை வரிசை வரிசையாக வெட்டித் தள்ளினேன். வெளியாருக்கு இதன் கனம் விளங்காது. தோட்டத்தில் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் கிடையாது. ஓர் ஆளை வெட்டியிருந்தால்கூட என்ன காரணம் என்று கேட்டிருப்பார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாட்டுக் கயிற்றோடு வந்தார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஓர் ஊசி போட்டார். லொறியில் ஹட்டன் வரைக்கும், அங்கிருந்து ரயில். மணிக்கட்டில் கயிறு இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்க்காதபடி ஞானம் தன் சேலை முந்தானையை என் கைமேல் போர்த்திவிட்டு, எனக்குக் குளிருகிறது என்று அவர்களிடம் பொய் சொன்னாள். வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேனாம். அவள் முந்தானையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார ஒரு நீள வாங்கு. வந்தவர்கள் எல்லோரும் அதில்தான் காத்திருக்க வேண்டும். ஒருவன் அழுதுகொண்டிருந்தான், ஒருவன் தன் செருப்போடு பேசிக்கொண்டிருந்தான். கூட வந்த சொந்தக்காரர்கள், தங்கள் ஆள் மற்றவர்களைவிடத் தெளிவானவன் என்று காட்டப் பாடுபட்டார்கள். ஞானமும் என் தலையை வாரிவிட்டாள்.

டாக்டர் ஒரு பறங்கியர். தமிழ் வராது. அவர் இங்கிலீஷில் கேட்பார், பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழில் கேட்பார், நான் சொல்வதை நர்ஸ் திருப்பி இங்கிலீஷில் சொல்வார். நர்ஸின் பெயர் கந்தசாமி. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கசங்காத வெள்ளைச் சட்டை, விரலில் எப்போதும் சவர்க்கார வாசம்.

"நீ இப்ப எந்த நாட்டில இருக்கிறாய், சொல்லு பாப்பம்?"

புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாம் அது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, இலங்கையா இந்தியாவா என்ற பதிலுக்காகக் காத்திருந்தவன் நான். என்னிடம் போய்க் கேட்டார்கள்.

"அதுதான்ங்க தெரியல. எழுதிப் போட்டிருக்கோம். இன்னும் ஒண்ணும் சொல்லல."

நர்ஸ் அதை இங்கிலீஷில் சொன்னார். தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று இவனுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். டாக்டர் தலையை ஆட்டினார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் கோபம் வருகிறது.

பரிசோதனைகள் நடந்தன. கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். ஒருக்களிக்க வைத்துச் சுருட்டிப் பிடித்து முதுகெலும்புக்கு நடுவே ஊசியை இறக்கி, தண்ணீர் மாதிரி ஒன்றை எடுத்தார்கள். கெட்ட வியாதி தலைக்கேறினாலும் இப்படிப் புத்தி மாறுமாம், அது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. உன் புருஷன் வேறு பெண்களிடம் போகிறவனா என்று அந்த நடையிலேயே, அத்தனை பேருக்கு நடுவில், ஞானத்திடம் கேட்டார்கள். "இல்லீங்க" என்று அவள் சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வியாதி இல்லை என்று முடிவு வந்தது. மேனியா என்று டாக்டர் சொன்னார். மனசுக்கு ஒரு கடிவாளம் உண்டு, அது அறுந்துபோன வியாதி. ஓடுகிறவனுக்கு ஓடுவது தெரியாது, நிற்கச் சொல்கிறவர்கள்மேல்தான் ஆத்திரம் வரும். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றார். இந்த ஒரு விஷயத்தில் டாக்டர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் சொன்னபடிதான் ஆயிற்று.

வார்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கட்டடம். ஞானத்தை வாசலில் நிறுத்திவிட்டு என்னை உள்ளே கொண்டுபோய்க் கயிற்றை அவிழ்த்தார்கள். கை வலி தீர்ந்தது. நான் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினேன். வேலை கெடுகிறதே என்ற பதைப்பு மட்டும்தான் எனக்கு.

"ஐயா, என்னைய விட்டுருங்க. நான் வெட்டப் போகணும்."

கந்தசாமி நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "எங்கை போய் என்னத்தை வெட்டப்போறாய்?"

"மலைலதாங்க. இருநூறு வெட்டுனாத்தான் பேரு. இல்லாட்டி அரைப்பேருதாங்க கெடைக்கும்."

"இருநூறோ?"

"ஆமாங்க. முந்தி எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"கத்தி எங்கை வைச்சிருக்கிறாய்?"

"லயத்துல இருக்குங்க. சொன்னா ஞானம் கொண்டாந்து குடுப்பா."

தோட்டத்துக்காரர்கள் இதை வாசித்தால், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு மரம் கவ்வாத்து வெட்டினால் முழுப் பேர் போடுவார்கள், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மலையில் நின்று பேசும்போது மரம் என்ற சொல்லை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வேறு எதை வெட்டப்போகிறோம்? ஆனால் அவருடைய தமிழ் வேறு தமிழ். இருநூறு பேரை வெட்டினால்தான் எனக்குப் பேரும் புகழும் கிடைக்கும், அரைவாசிப் பேரை வெட்டினால் அரைப் புகழ்தான் என்று அவர் விளங்கிக்கொண்டார். முந்தி எல்லாம் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டவன் என்று வேறு நானே சொல்லியிருக்கிறேன். ஒரு சிங்கள நர்ஸாக இருந்திருந்தால் விளங்கவில்லை என்று சொல்லி இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பார். இவருக்குத் தமிழ் தெரியும். அதுதான் என் கெட்ட காலம்.

அவர் எதுவும் காட்டிக்கொள்ளாமல், "சரி, சரி, போகலாம். முதல்ல இதில படு" என்றார். படுத்தேன். பண்டா என்ற அட்டெண்டன் காலைப் பிடித்தான், இன்னொருவன் தோளைப் பிடித்தான். கிழித்து முறுக்கிய படுக்கைவிரிப்புத் துண்டுகளால் இரண்டு மணிக்கட்டையும் இரண்டு கணுக்காலையும் கட்டிலின் இரும்பில் கட்டினார்கள். நான் அடிக்கவில்லை. கையை ஓங்கவில்லை. இதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் போலிருக்கிறது. கட்டியது முதலில், மற்றதெல்லாம் பிறகு.

கட்டிக் கிடப்பவனுக்கு மூக்கு அரிக்கும். சொறிய முடியாது. முகத்தில் ஈ உட்காரும், ஊதி ஊதித்தான் விரட்ட வேண்டும். திரும்பிப் படுக்க முடியாமல் முதுகு எரியும். விரலெல்லாம் மரத்துப்போய் யாரோ ஒருவருடைய விரல் மாதிரி கிடக்கும். இரவில் மாத்திரையின் மயக்கத்தில், கவ்வாத்து வெட்டிய கட்டைகளுக்கு நடுவே கை சிக்கிக்கொண்டதாகத் தோன்றும். கத்துவேன். கத்தினால், பார்த்தாயா ஆக்ரோஷத்தை என்பார்கள். கத்தாமல் கிடந்தால், கட்டியதால்தான் அடங்கியிருக்கிறான் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு எந்த வழியும் மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் காது திறந்திருந்தது. கட்டிக் கிடப்பவனுக்குக் காது கேட்காது என்று நர்ஸ்மாருக்கு ஒரு நினைப்பு. எனக்குச் சிங்களமும் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கட்டுவதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டேன்.

கந்தசாமி நர்ஸுக்குக் கட்டு ஒரு மருந்து. காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போடுவதில்லையா, அதைப்போல என்பார். கட்டினால் அவனுக்கும் காயமில்லை, நமக்கும் காயமில்லை. கெட்ட வார்த்தை பேச மாட்டார். நோயாளியின்மேல் கைவைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மைதான், என்னையும் அவர் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவரைப் புரிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிங்கள நர்ஸ் குசுமா மிஸ்ஸி நல்லவள் என்று வார்டு முழுக்கப் பேர். வேலைக்கு இன்னும் ஒரே ஓர் ஆள் இருந்தால் இவர்களில் பாதிப் பேரைக் கட்ட வேண்டியதில்லை என்று கந்தசாமி நர்ஸிடம் சண்டை பிடிப்பாள். என்னிடம் அரைகுறைத் தமிழில், "பயம் வேணாம் தம்பி, கொஞ்ச நாள்தான்" என்பாள். ஆனால் அவள் கட்டினால்தான் கட்டு மிக இறுக்கமாக இருக்கும். முன்பு ஒரு நோயாளி குத்தி அவள் மூக்கு உடைந்ததாம், எலும்பு கோணலாகவே கூடியிருந்தது. "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முடிச்சுப் போடுவாள். நெருங்கி வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

பண்டா கன்னத்தில் அறைவான். அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. "ஏய் தொரே, சத்தம் போடாதே" என்று ஓர் அறை. ஆனால் அவன் கட்டும்போது ஒரு விரல் நுழையும்படி விட்டுத்தான் கட்டுவான். கந்தசாமி நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒரு கையை அவிழ்த்துவிட்டு, சொறிந்துகொள் என்று கண்ணைக் காட்டுவான். எந்தக் கையால் அறைகிறானோ அதே கையால் என் மணிக்கட்டைத் தேய்த்தும் விடுவான். இவனை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மூன்று பேரிலும் பண்டாவுக்குத்தான் என்மேல் பயமில்லை என்று மட்டும் தெரியும்.

இதற்கிடையில் கந்தசாமி நர்ஸ் இரண்டு காரியம் செய்திருந்தார். இவனுடைய மனைவி கத்தி கொண்டுவரப்போகிறாள், சோதிக்காமல் உள்ளே விடாதே என்று வாசல் காவல்காரனுக்குச் சொல்லிவைத்தார். தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் போட்டு, இவனிடம் ஒரு கத்தி இருக்கிறதாம், அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள் என்றும் சொன்னார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞானம் வரவில்லை என்பதுதான். பார்வை நாளில் வந்தவளைக் கொண்டுவந்த ரொட்டியோடு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்து நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கையில்லை.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. நாக்கு தடித்தது, தூக்கம் வந்தது, மனசின் ஓட்டம் தணிந்தது. தெளிவு வர வர, நான் கட்டப்பட்டிருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பகல் ஒன்றுக்கு முட்டியது. கூப்பிட்டேன். "நர்ஸ் ஐயா, ஒண்ணுக்கு வருதுங்க." வேறு கட்டிலைக் கவனித்துக்கொண்டிருந்த கந்தசாமி நர்ஸ், கேட்டது மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். "துள்ளாதை, வாறன்" என்றார். வரவில்லை. பெண்சாதி பிள்ளைக்காரன், ஈரத்தில் கிடந்தேன். பிறகு வந்து பார்த்துவிட்டு, குழந்தையிடம் சொல்வதைப்போல, "சீ, சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்தி நேரத்துக் கஞ்சிக்காக ஒரு கையை அவிழ்த்தார். தகரக் கோப்பையை நீட்டினார். வாங்கி அந்தக் கோப்பையாலேயே அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் கொட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி சரியாகிவிட்டது. ஆள் ஆபத்தானவன் என்று அவர் முதல் நாளே சொன்னார், நானும் நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். கீழ்நாட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு, பூட்டிய வார்டுக்கு என்னை அனுப்பிவிட வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்த தடவை டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்கும்போது முடிவு. அங்கே போன எங்கள் ஆட்களில் திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஞானம் அங்கே தேடி வந்தால் யாரிடம் போய்க் கேட்பாள்? அந்தப் பயத்தில் நான் கத்துவதை நிறுத்தினேன். பண்டா அறைந்தபோதுகூடச் சும்மா கிடந்தேன். என் அமைதியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டர் வந்த நாள்தான் பார்வை நாளும். அவர் என் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி நிற்கும்போது வாசல் பக்கம் விசில் சத்தம் கேட்டது. காவல்காரன் ஓடி வந்தான். பேப்பரில் சுற்றிய ஒரு பொருளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் பிடித்த பிடியில் ஞானம் வந்தாள்.

பேப்பருக்குள் என் கவ்வாத்துக் கத்தி.

கந்தசாமி நர்ஸின் புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "இந்தா, நான் சொன்னனான்!" என்றார். "மனிசி கத்தி கொண்டுவருவாள் எண்டு அவனே சொன்னவன்."

"நீங்கதானேங்க கேட்டீங்க?" ஞானத்துக்கு மூச்சு வாங்கியது. "ஆபீசுல கங்காணிகிட்ட சொன்னாங்களாம், ஆஸ்பத்திரியில கத்தியக் கேக்குறாங்க, ஒடனே குடுத்தனுப்புன்னு. கங்காணி சாணை புடிச்சுக்கூடக் குடுத்தாருங்க."

டாக்டர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்துத் துரைமார் வீட்டுக்குப் போய்வருகிற மனிதர், இதைப் பார்த்திருக்கிறார். "ப்ரூனிங் நைஃப்" என்றார். இவன் முதல் நாள் சொன்னது என்ன என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சொன்னார், வார்த்தை பிசகாமல் தமிழிலேயே சொல்லிவிட்டுத்தான் இங்கிலீஷில் சொன்னார்.

ஞானம் வாயில் கைவைத்தாள். "ஐயோ சாமி. பேருன்னா நாள்சம்பளங்க. இருநூறு மரம் வெட்டுனா முழுப்பேரு, கொறஞ்சா அரைப்பேரு. ஆள இல்லீங்க. தேயில, தேயில!"

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குசுமா மிஸ்ஸிக்கு யாரோ சிங்களத்தில் சொல்ல அவளும் சிரித்தாள், பண்டாவும் சிரித்தான். ஞானமும் சிரித்தாள், முடிந்துவிட்டது என்று நினைத்து. நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராவது வந்து அவிழ்ப்பார்கள் என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.

கந்தசாமி நர்ஸ் சிரிக்கவில்லை. பிளாஸ்டரைத் தொட்டுக் காட்டினார். "வெட்டுறன் எண்டது தேயிலையாய் இருக்கட்டும். இது தேயிலையோ?"

அதையே இங்கிலீஷிலும் சொன்னார். டாக்டரின் சிரிப்பு நின்றது. என்னைக் கேட்டார், நர்ஸ் வாயால்: ஏன் அடித்தாய்? கட்டினதால என்றேன். நர்ஸைக் கேட்டார், ஏன் கட்டினீர்கள்? அடிப்பான் எண்டுதான் என்று அவர் அதற்கும் இரண்டு பாஷையிலும் பதில் சொன்னார். டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். இது உங்கள் வார்டு, இவனை வைத்துப் பார்க்க முடியும் என்று நீங்கள் சொன்னால் இருக்கட்டும், முடியாது என்றால் நாளைக்கே கீழே அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் கந்தசாமி நர்ஸைப் பார்த்தார்கள். ஞானம் தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

"எந்திரி ஞானம்!" என்று கத்தினேன். "எந்திரி புள்ள!"

"பாத்தியளோ? துள்ளுறான்" என்றார் நர்ஸ்.

ஞானம் அவர் காலை விடாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். "என்னங்க, மன்னிப்புக் கேளுங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், அவரக் கும்புட்டுக் கேளுங்க. வீட்டுக்குப் போயிரலாம்ங்க."

நர்ஸ் காலை இழுத்துக்கொண்டார். அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ எழும்பு பிள்ளை. அவன் கேக்கட்டும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கட்டும், பாப்பம்."

நான் கையைத் தூக்கினேன். துணி இழுபட்டு, கட்டில் இரும்பு கிறீச்சிட்டது. இரண்டு கையும் பக்கத்துக்கு ஒன்றாக அப்படியே நின்றன.

"எப்படிங்க கும்புடுறது?" என்று கேட்டேன்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டேன். என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டார்.  நர்ஸ் சொன்னார். டாக்டர் என் கட்டுகளைப் பார்த்தார்.

பண்டா முன்னால் வந்தான். "இல்லை, நான் அவிழ்க்கிறன்" என்று நர்ஸ் அவனைத் தடுத்தார். முடிச்சு வியர்வையில் இறுகிக் கிடந்தது. குனிந்து நகத்தால் கிளறினார். சவர்க்கார வாசம் அடித்தது. முதலில் இடது கை, பிறகு சுற்றி வந்து வலது கை. குசுமா மிஸ்ஸி பின்வாங்கிச் சுவரோடு நின்றாள். இரண்டு கையும் விடுபட்டதும் கந்தசாமி நர்ஸ் நிமிர்ந்து அரை அடி பின்னால் போனார். அவர் கண் என் முகத்தில் இல்லை, என் கைகளில் இருந்தது.  அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிதர் முதல் நாளிலிருந்தே என்னைக் கண்டு பயந்துகொண்டிருக்கிறார். மருந்து என்றதும் காயம் வராது என்றதும் எல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை. எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். மரத்துப்போன விரல்கள் ஒன்றை ஒன்று தேடிச் சேர நேரம் எடுத்தது. நெஞ்சுக்கு நேரே சேர்த்தேன்.

"மன்னிச்சுக்கங்க ஐயா."

"சரி, சரி" என்றார் அவர். டாக்டரிடம் திரும்பி, இருக்கட்டும் என்றார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கந்தசாமி நர்ஸ் அவிழ்த்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஞானம் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கட்டவில்லை. மாத்திரை சாப்பிட்டேன், தூங்கினேன், சில வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து நல்ல மருந்துதான், கொடுங்கள். ஆனால் குணமானதால் சவரிமுத்துவை அவிழ்த்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை அவிழ்த்தது கும்பிடுவதற்காக.